விளக்கைப் பிடுங்கிய சார்லஸ்

1950-களின் கடைசியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் கடலாய்வு நிலையத்தில் மூன்று ஆக்டோபஸ்களுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பெயர்கள் ஆல்பர்ட், பெர்ட்ரம், சார்லஸ். வாத்தியார், ஹார்வர்டிலிருந்து வந்திருந்த பீட்டர் ட்யூஸ். தொட்டிக்குள் ஒரு நெம்புகோல் இருக்கும், அதை இழுத்தால் ஒரு துண்டு மீன் கிடைக்கும். எலிக்கும் புறாவுக்கும் அதற்கு முன் எத்தனையோ தடவை வைத்த அதே பரீட்சைதான். ஆல்பர்ட்டும் பெர்ட்ரமும் நல்ல பிள்ளைகள். தண்ணீரில் மிதந்தபடியே நெம்புகோலைப் பதமாக இழுத்து மீனை வாங்கிக்கொண்டன. சார்லஸ் வேறு ரகம். சில கைகளைத் தொட்டிச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மற்ற கைகளால் நெம்புகோலைச் சுற்றிப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தது. நெம்புகோல் பல தடவை வளைந்தது, பதினோராம் நாள் உடைந்தே போனது. போதாததற்கு, தொட்டிக்கு மேலே தொங்கிய விளக்கைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தது. ஆய்வாளர் நிற்கும் பக்கமாகப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. 1959-இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் ட்யூஸ் இதையெல்லாம் முகம் மாறாமல் பதிவு செய்திருக்கிறார்.

பரீட்சை முடிவைப் பார்த்தால் சார்லஸ் ஃபெயில். ஆனால் அந்த மூன்றில் எதைப் பற்றி நமக்கு அதிகம் தெரியவந்தது? ஒரு பொருள் கையில் சிக்கினால் அது கழலுமா, உடையுமா, உள்ளே ஏதாவது இருக்குமா என்று இழுத்துப் பார்ப்பதுதான் ஆக்டோபஸின் பிழைப்பே. சிப்பியைத் திறப்பதும் பாறை இடுக்கிலிருந்து நண்டைப் பிடுங்குவதும் அந்த வேலைதான். பதமாக இழுக்க வேண்டும் என்ற விதி நாம் போட்டது. ஆக்டோபஸின் புத்தியைப் பற்றி வரும் எழுத்தில் பாதி, நாய் அளவா, மூன்று வயதுக் குழந்தை அளவா என்று முழம் போடுவதிலேயே போய்விடுகிறது. எனக்கு அந்த முழக்கோலில் பெரிய நம்பிக்கை இல்லை. என்னை உறுத்துவது வேறு கேள்வி. ஓரிரண்டு வருடமே வாழ்ந்து, பெரும்பாலும் தனியாகத் திரிந்து, தாய் தகப்பன் முகம் பார்க்காமலே வளரும் ஒரு பிராணிக்கு இவ்வளவு மூளை எதற்கு?

முதலில் சொந்தபந்தம். நம் கடற்கரையில் இந்தக் குடும்பம் முழுவதுக்கும் கணவாய் என்றுதான் பெயர். உடம்பு கூர்மையாக நீண்டிருப்பது ஊசிக்கணவாய். உள்ளே வெள்ளை ஓடு வைத்திருப்பது ஓட்டுக்கணவாய். அந்த ஓட்டைத்தான் கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டுக் கம்பியில் செருகிவைக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டாலும் அதையே எடுத்துத் தருவார்கள். ஆக்டோபஸுக்குப் பேய்க்கணவாய் என்று பெயர். வலையிலிருந்து நழுவுவதையும் கண்ணெதிரே நிறம் மாறுவதையும் பார்த்த யாரோதான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

விலங்கியல் கணக்கில் இவை மெல்லுடலிகள். நத்தையும் மட்டியும் பங்காளிகள். மட்டிக்குத் தலை என்று ஒன்றே கிடையாது. அதே வம்சத்தில் பிறந்த ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், இரும்புக்குப் பதில் தாமிரம் கலந்த நீல ரத்தம், உணவுக்குழாயைச் சுற்றி வளையம்போல ஒரு மூளை. விழுங்குகிற ஒவ்வொரு கவளமும் மூளைக்கு நடுவே புகுந்துதான் வயிற்றுக்குப் போக வேண்டும். நமக்கும் இதற்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது 50 கோடி வருடங்களுக்கும் முன்னால். அது புழு மாதிரி ஏதோ ஒன்று. குரங்கு, காகம், டால்ஃபின் என்று நாம் மெச்சுகிற புத்திசாலிகள் எல்லாம் தண்டுவடம், முதுகெலும்பு என்று நம் வீட்டு வரைபடத்திலேயே கட்டியவை. ஆக்டோபஸைக் கட்டியது வேறு கொத்தனார்.

கண்ணைப் பாருங்கள். நமக்கு இருப்பதுபோலவே லென்ஸ் உண்டு, பாவை உண்டு, விழித்திரை உண்டு. ஆனால் நம் விழித்திரையில் நரம்பிழைகள் வெளிச்சம் வரும் பக்கமாக ஓடி, ஓரிடத்தில் துளைபோட்டுப் பின்னால் போகின்றன. அந்த இடம் நமக்குக் குருட்டுப் புள்ளி. ஆக்டோபஸுக்கு இழைகள் பின்பக்கமாகவே கிளம்பிவிடுவதால் குருட்டுப் புள்ளியே இல்லை. இரண்டாவது கொத்தனாருக்கு வேலை சுத்தம்.

சரி, அந்தக் கொத்தனார் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்? இப்போதைக்குக் கிடைக்கிற நல்ல விளக்கம் ஓட்டிலிருந்து தொடங்குகிறது. இந்தக் குடும்பத்தின் முன்னோர்களுக்கு வெளியே கெட்டியான ஓடு இருந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த நாட்டிலஸ் என்ற பிராணி இன்றும் அந்த ஓட்டுக்குள்ளேதான் குடியிருக்கிறது. ஓட்டுக்கணவாய் அதை உள்ளே வாங்கி மிதவையாக்கிக்கொண்டது. ஊசிக்கணவாய்க்குக் கண்ணாடித் தகடு மாதிரி ஒன்று மிச்சம். ஆக்டோபஸ் கிட்டத்தட்ட ஓட்டையே தலைமுழுகிவிட்டது. அதனால் லாபம் உண்டு. உடம்பில் கெட்டியான பெரிய பாகம் கிளி மூக்கு மாதிரியான அலகு ஒன்றுதான், அலகு நுழைகிற சந்தில் ஆளே நுழைந்துவிடலாம். நஷ்டம் அதைவிடப் பெரியது. சுறா, விலாங்கு, சீல் என்று கடலில் பல் உள்ள அத்தனை பேருக்கும் ஆக்டோபஸ் எலும்பில்லாத கறி. கவசம் இல்லாதவன் ஒளியத் தெரிந்திருக்க வேண்டும், ஏமாற்றத் தெரிந்திருக்க வேண்டும், எந்தப் பொந்துக்கு எந்த வழியாகத் திரும்பலாம் என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். 2019-இல் பியரோ அமோடியோவும் சக ஆய்வாளர்களும் இந்த வாதத்தை விரிவாக வைத்தார்கள். ஓடு போனதால் புத்தி வளர்ந்தது, அதே ஓடு போனதால்தான் ஆயுளும் குறைந்தது என்பது அதன் சாரம். எப்படியும் நாளைக்கு யாராவது தின்றுவிடுவார்கள் என்ற நிலையில், நீண்ட நாள் வாழும்படி உடம்பைப் பராமரிக்க இயற்கைத் தேர்வுக்கு அவசியம் இல்லாமல் போகிறது. ஓட்டைக் கைவிடாத நாட்டிலஸ் 20 வருடம் வாழ்கிறது. மூளை எளிமையானது. அதற்காக மக்கு என்றும் சொல்லிவிட முடியாது. நீல வெளிச்சம் வந்தால் சாப்பாடு வரும் என்று பழக்கிவிட்டால், நாட்டிலஸ் அதை நினைவு வைத்துக்கொள்வதை ராபின் க்ருக்கும் ஜெனிஃபர் பேசிலும் 2008-இல் காட்டினார்கள்.

இனி எண்ணிக்கை. சாதாரண ஆக்டோபஸ் ஒன்றின் உடம்பில் சுமார் 50 கோடி நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள். தேனீக்கு 10 லட்சம் பக்கம், எலிக்கு 20 கோடி, மனிதருக்கு 8,600 கோடி. 50 கோடி என்றதும் எலியை ஜெயித்துவிட்டது என்று சொல்ல வாய் வரும். அந்தச் சொத்து எங்கே போட்டு வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் வாயை மூடிக்கொள்வோம். சுமார் 35 கோடி கைகளில் இருக்கிறது. மீதியில் பெரும்பங்கு, கண்களுக்குப் பின்னால் உள்ள இரண்டு பார்வை மடல்களில். நடு மூளைக்குக் கிடைப்பது 4 கோடிக்குக் கொஞ்சம் மேல்.

ஏன் கையில்? நம் நரம்பிழைகளின் மேல் மயலின் என்று ஒரு கொழுப்பு உறை உண்டு. அதனால் மெல்லிய இழையிலும் செய்தி வேகமாக ஓடும். கணவாய்க் குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது. உறை இல்லாமல் வேகம் வேண்டுமென்றால் இழையைத் தடியாக்கத்தான் வேண்டும். ஆபத்தில் சட்டென்று பின்னால் பாய்வதற்காக ஊசிக்கணவாய் வைத்திருக்கும் நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் வரை தடித்தது. 1930-களில் ஜே. இசட். யங் அதன் அருமையை எடுத்துக் காட்டினார். அதற்குள் மெல்லிய கம்பியைச் செருகி அளந்துதான் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று கணக்குப் போட்டு, 1963-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். நம் தலைக்குள் நடப்பது புரிந்ததற்கு நாம் ஊசிக்கணவாய்க்குக் கடன்பட்டிருக்கிறோம். நிற்க. எட்டுக் கைக்கும், ஒவ்வொரு கையிலும் இருக்கும் 200-க்கு மேற்பட்ட உறிஞ்சிகளுக்கும் தலையிலிருந்து தடித் தடியாக வடம் இழுத்தால் உடம்பில் வேறு எதற்கும் இடம் இருக்காது. அதைவிட, கை வேலையைக் கையே பார்த்துக்கொள்வது சௌகரியம்.

கை எந்த அளவுக்குச் சுயமாக வேலை செய்கிறது என்பதை ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் பின்யமின் ஹோக்னரின் குழு விடாமல் நோண்டிவருகிறது. மூளையோடு தொடர்பு அறுந்த கையைத் தூண்டினால், உயிருள்ள ஆக்டோபஸ் இரையை நோக்கிக் கையை வீசுகிற அதே வளைவோடு அது நீள்கிறது என்று 2001-இல் காட்டினார்கள். 2005-இல் வந்த கண்டுபிடிப்பு எனக்கு இன்னும் பிடித்தது. நாம் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவது முழங்கையை மடக்கி. ஆக்டோபஸ் கையில் எலும்பும் இல்லை, மூட்டும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் வளையலாம். ஆனாலும் இரையைப் பிடித்ததும் அந்தக் கை தற்காலிகமாக ஒரு முழங்கையை உண்டாக்கிக்கொள்கிறது. இரையைப் பிடித்த இடத்திலிருந்து தசை விறைக்கும் அலை ஒன்று தலையை நோக்கிக் கிளம்புகிறது, கையின் அடியிலிருந்து இன்னொன்று எதிரே வருகிறது. இரண்டும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே முழங்கை. நுனியில் பிடித்தால் ஓரிடத்தில், நடுவில் பிடித்தால் வேறிடத்தில். எங்கே மடக்க வேண்டும் என்று தலை அளந்து சொல்லத் தேவையில்லை. சாப்பிட்டு முடித்ததும் முழங்கை மறைந்துவிடுகிறது.

அப்புறம் ஒரு சந்தேகம் வரும். தொட்டதையெல்லாம் கவ்வுகிற 1,600-க்கு மேற்பட்ட உறிஞ்சிகள் இருக்கும்போது, எட்டுக் கையும் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்குப் போடாதா? 2014-இல் அதே ஜெருசலேம் குழு விடை சொன்னது. துண்டித்த கை ஒரு மணி நேரம் போலத் துடிப்போடு இருக்கும், கிடைத்ததைக் கவ்வும். ஆனால் ஆக்டோபஸ் தோலை மட்டும் கவ்வாது. தோலை உரித்துவிட்டு நீட்டினால் கவ்வுகிறது. ஆக, தோலில் உள்ள ஏதோ ஒரு ரசாயனம் 'இது நான்' என்று உறிஞ்சிக்குச் சொல்கிறது. தலைக்குச் செய்தி போவதற்கு முன்பே விஷயம் முடிந்துவிடுகிறது. உறிஞ்சிகளுக்குத் தொடு உணர்ச்சியோடு ருசியும் உண்டு என்பதும், அதற்கான தனி ஏற்பிகள் அங்கே இருப்பதும் ஹார்வர்டில் 2020-இல் உறுதியானது. பொந்துக்குள் கையை விட்டுத் துழாவும்போதே உள்ளே இருப்பது கல்லா நண்டா என்று நக்கிப் பார்த்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் 'ஆக்டோபஸுக்கு ஒன்பது மூளை' என்று யூடியூபில் தலைப்புப் போடுகிறார்கள். அது மிகை. 2011-இல் டாமர் குட்னிக்கும் மற்றவர்களும் ஒரு கண்ணாடிப் புதிர்வழி செய்தார்கள். ஆக்டோபஸ் ஒரு கையை மட்டும் அதற்குள் விட்டு, சரியான பெட்டியில் உள்ள இரையை எடுக்க வேண்டும். வழியில் கை தண்ணீருக்கு வெளியே வந்து போகும்படி அமைத்திருந்ததால் மோப்பமும் ருசியும் உதவாது, கண்ணால் பார்த்துத்தான் கையை நடத்த வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை கற்றுக்கொண்டன. அதாவது, தேவைப்படும்போது தலை கையைப் பிடித்து வழிநடத்தும். மற்ற நேரம் 'நீயே பார்த்துக்கொள்' என்று விட்டுவிடும். பழைய சமையல்காரரை வேலைக்கு வைத்திருக்கும் வீட்டுக்காரர் மாதிரி.

தோலுக்கு இந்தச் சலுகை இல்லை, அது நேராக மூளையின் ஆணைக்குக் கட்டுப்பட்டது. நிறம் நிறைந்த குட்டிப் பைகள் தோல் முழுக்க ஆயிரக்கணக்கில் பரவியிருக்கும். ஒவ்வொரு பையைச் சுற்றியும் கதிர்போலத் தசைகள். தசை இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும், விட்டால் சுருங்கி மறையும். இழுக்கும் உத்தரவு மூளையிலிருந்து நரம்பு வழியாக வருவதால் ஒரு நொடிக்குள் உடம்பு முழுக்க மாறிவிடும். ஓணானுக்கு இந்த வேகம் வராது. இத்தனைக்கும் இவற்றின் கண்ணில் ஒரே வகை ஒளியேற்பிதான், ஆக நிறம் பிரித்துப் பார்க்க வழியில்லை என்பதே பொதுவான முடிவு. நாக்கில் ருசி தெரியாத ஒருவர் கல்யாணச் சமையலைக் கச்சிதமாகச் செய்து இறக்குகிற மாதிரி. தோலிலேயே ஒளியை உணரும் புரதம் இருப்பது 2015-இல் கலிஃபோர்னியா ஆக்டோபஸ் ஒன்றில் தெரியவந்தது. புதிரில் ஒரு முடிச்சுத்தான் அவிழ்ந்தது.

இந்தத் தோலை வைத்துக்கொண்டு செய்யும் தில்லுமுல்லுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஆஸ்திரேலியாவின் ஓட்டுக்கணவாய் ஒன்று. ஆண் ஒன்று பெண்ணின் பக்கத்தில் நீந்துகிறது. மறுபக்கம் ஒரு போட்டி ஆண் வருகிறது. உடனே இது தன் உடம்பை நடுவில் கோடு போட்டதுபோல் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. பெண் பார்க்கும் பக்கம் ஆணின் பளபளப்பான கோலம், போட்டியாள் பார்க்கும் பக்கம் பெண்ணின் கோலம். வந்தவன் அங்கே இரண்டு பெண்கள் இருப்பதாக நினைத்துக்கொள்வான். 2012-இல் கலம் பிரவுனும் சக ஆய்வாளர்களும் இதை விவரித்தார்கள். கவனிக்க வேண்டியது, கூட்டத்தில் ஒரு பெண்ணும் ஒரு போட்டி ஆணும் மட்டும் இருக்கும்போதுதான் இந்த வேஷம். ஆள் கூடிவிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து யார் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாதே.

இந்தோனேசியாவில் கொட்டாங்கச்சிக்கு மவுசு ஏற்றிய ஆக்டோபஸும் இருக்கிறது. சுலவேசி, பாலி கரைகளில் கடலடி வெறும் மணலும் சேறும். ஒளிய ஒரு கல்கூடக் கிடையாது. மனிதர்கள் வீசிய கொட்டாங்கச்சிகள் சேற்றில் புதைந்து கிடக்கும். ஆக்டோபஸ் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கழுவி, கொட்டாங்கச்சியை எடுத்து, இரண்டு கிடைத்தால் கிண்ணத்துக்குள் கிண்ணமாக அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். கைகளை விளிம்புக்கு வெளியே விட்டு, கட்டைபோல விறைப்பாக்கி, பொய்க்கால் கட்டியவர் மாதிரி தள்ளாடித் தள்ளாடி நடக்கும். 20 மீட்டர் வரைகூடப் போகும். ஜூலியன் ஃபின், டாம் ட்ரெஜென்சா, மார்க் நார்மன் மூவரும் 500 மணி நேரத்துக்கு மேல் கடலடியில் செலவழித்து இதைப் பார்த்து 2009-இல் எழுதினார்கள். சுமக்கும்போது அந்தக் கொட்டாங்கச்சியால் பாதுகாப்பு எதுவும் இல்லை. வேகமும் குறைகிறது, உடம்பும் வெளியே தெரிகிறது. பின்னால் எப்போதோ வரப்போகும் ஆபத்துக்காக இப்போது சுமை. ஆபத்து வந்ததும் ஒன்றுக்குள் உட்கார்ந்து மற்றொன்றை மூடிக்கொள்கிறது. முதுகெலும்பில்லாத பிராணி கருவியைப் பயன்படுத்துவதற்கான வலுவான ஆதாரமாக அவர்கள் இதை முன்வைத்தார்கள். துறவி நண்டும்தான் ஓட்டைச் சுமக்கிறது என்று எதிர்வாதம் உண்டு. ஆனால் துறவி நண்டு ஓட்டை எப்போதும் போட்டுக்கொண்டிருக்கிறது. இது மடித்து எடுத்துப் போகிறது. குடைக்கும் தொப்பிக்கும் உள்ள வித்தியாசம்.

மீன்காட்சியகக் கதைகளில் பாதியை நான் கழித்துவிடுவேன். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் பால் என்ற ஆக்டோபஸ் எட்டு ஆட்டங்களுக்கும் சரியாகச் சொன்னது. நாணயம் சுண்டினால் 256-க்கு ஒரு தடவை அப்படி அமையும், உலகம் முழுக்க எத்தனை மிருகக்காட்சி சாலைகளில் எத்தனை பிராணிகளிடம் ஜோசியம் கேட்டார்கள் என்று யோசித்தால் ஆச்சரியம் கரைந்துவிடும். நியூசிலாந்தின் நேப்பியர் நகரில் இன்கி என்ற ஆக்டோபஸ் 2016-இல் மூடியின் இடுக்கு வழியாக வெளியே வந்து, தரையைக் கடந்து, 50 மீட்டர் வடிகால் குழாய்க்குள் புகுந்து கடலுக்குப் போய்விட்டது. கைதட்டலாம், ஆனால் அதற்குக் கடல் அங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்ததா என்பது யாருக்கும் தெரியாது.

சியாட்டில் மீன்காட்சியகத்தில் ரோலண்ட் ஆண்டர்சனும் ஜெனிஃபர் மேத்தரும் செய்தவற்றை மட்டும் என்னால் கழிக்க முடிவதில்லை. எட்டு ராட்சத பசிபிக் ஆக்டோபஸ்களின் தொட்டியில் காலி மாத்திரை டப்பா ஒன்றை மிதக்கவிட்டார்கள். எல்லாம் முதலில் வாய்க்குக் கொண்டுபோய்ப் பார்த்தன, தின்னும் பொருள் இல்லை. பெரும்பாலானவை அத்தோடு விட்டுவிட்டன. இரண்டு மட்டும், தொட்டிக்குள் தண்ணீர் வரும் பக்கமாக டப்பாவைப் பீய்ச்சித் தள்ளின. நீரோட்டம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. மறுபடி தள்ளின. திரும்பத் திரும்ப. சுவரில் தனியாகப் பந்தடிக்கும் சிறுவன் செய்வதும் இதைத்தான். 2010-இல் இன்னொரு சோதனை. ஒரே சீருடை போட்ட இரண்டு பேர். ஒருவர் தினமும் சாப்பாடு போடுவார், மற்றவர் முள்ளுமுள்ளாக நுனி உள்ள குச்சியால் தொடுவார். இரண்டு வாரத்துக்குள் ஆக்டோபஸ்கள் ஆளைப் பார்த்ததுமே ஒருவரை நோக்கி வரவும் மற்றவரிடமிருந்து விலகவும் தொடங்கின. நாய்க்கு இது சாதாரணம். நாய் மனிதரோடு ஆயிரக்கணக்கான வருடம் வாழ்ந்தது. ஆக்டோபஸுக்கு மனித முகத்தில் என்ன வேலை?

மற்ற ஆக்டோபஸ்களின் முகத்திலேகூட அதற்குப் பெரிய வேலை இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1992-இல் கிராசியானோ ஃபியோரிட்டோவும் பியேத்ரோ ஸ்காட்டோவும், பழக்கப்பட்ட ஓர் ஆக்டோபஸ் சிவப்புப் பந்தைத் தேர்ந்தெடுப்பதை இன்னொன்றைப் பார்க்கவைத்தார்கள். பார்த்தது தானும் அதே நிறப் பந்தைத் தேர்ந்தெடுத்தது. இதுவும் சார்லஸ் இருந்த அதே நேப்பிள்ஸில்தான். தனியாக வாழும் பிராணி அடுத்தவரைப் பார்த்து ஏன் படிக்க வேண்டும் என்று விமர்சனங்கள் வந்தன. நியாயமான கேள்விதான். ஆனால் தனிமை என்பதும் நாம் நினைத்த அளவு முழுமையானது இல்லை. ஆஸ்திரேலியாவின் ஜெர்விஸ் விரிகுடாவில், தின்று போட்ட சிப்பி ஓடுகள் குவிந்த ஒரு மேட்டைச் சுற்றிப் பல ஆக்டோபஸ்கள் பக்கத்துப் பக்கத்துப் பொந்தில் குடியிருப்பது 2009-இல் தெரிந்தது. ஆக்டோபோலிஸ் என்று பெயர் வைத்தார்கள். அங்கே அவை சேற்றையும் ஓடுகளையும் கைக்குள் சேர்த்து, நீர்ப்பீச்சலால் அடுத்தவர் மேல் எறிவது படமாகியிருக்கிறது. தொல்லை கொடுத்த ஆண் மேல் ஒரு பெண் திரும்பத் திரும்ப எறிந்தது, அவன் சில தடவை தலையைத் தாழ்த்திக்கொண்டான். அக்கம்பக்கம் என்று வந்துவிட்டால் குழாயடிச் சண்டைக்குக் கடலடியும் விலக்கில்லை.

ஓட்டுக்கணவாய்க்குப் பொறுமை உண்டு என்று 2021-இல் அலெக்சாண்ட்ரா ஷ்னெல்லின் குழு காட்டியது. கையெட்டும் தூரத்தில் சுமாரான இறால் துண்டு, கொஞ்சம் காத்திருந்தால் பிடித்தமான உயிர் இறால். 50 முதல் 130 நொடி வரை காத்திருந்தன. அதிக நேரம் காத்திருந்தவை மற்றப் பாடங்களையும் சீக்கிரம் கற்றன. அசையாமல் மணலோடு மணலாகக் கிடந்து இரைக்குக் காத்திருப்பது அவற்றின் தொழில் என்பதால் இதில் எனக்கு வியப்பில்லை.

தூக்கம்தான் வியப்பு. ஒகினாவாவில் 2023-இல் செய்த ஆய்வில், வெளுத்து அமைதியாகத் தூங்கும் ஆக்டோபஸ் மணிக்கு ஒரு தடவை போல ஒரு நிமிடம் துடிப்பதைப் பதிவு செய்தார்கள். கண் அசைகிறது, மூச்சு வேகமாகிறது, விழித்திருக்கும்போது போடும் வேஷங்கள் ஒவ்வொன்றாகத் தோலில் ஓடி மறைகின்றன. மூளையின் மின் அலைகளும் விழிப்பு நிலையை ஒத்திருந்தன. கனவா என்று கேட்கத் தோன்றும். அந்த வேஷங்களைப் பழகிப் பார்க்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் சாத்தியங்களில் ஒன்று. நாம் கனவு கண்டால் அடுத்த கட்டிலில் படுத்தவருக்குத் தெரியாது, இதற்குத் தோலே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வலி இருக்கிறதா? ராபின் க்ருக் 2021-இல் வெளியிட்ட சோதனையில், கையில் அமில ஊசி போடப்பட்ட ஆக்டோபஸ், தான் முன்பு விரும்பிய அறையையே அதன் பிறகு தவிர்த்தது. ஊசி போட்ட இடத்தை அலகால் கொத்தித் தோலை உரித்தது. மரத்துப்போக மருந்து கொடுத்ததும் அது நின்றது. வெறும் அனிச்சைச் செயல் என்று தள்ள முடியாத விஷயம். பிரிட்டன் 2022-இல் விலங்குகளின் உணர்வை அங்கீகரித்துக் கொண்டுவந்த சட்டத்தில் கணவாய்க் குடும்பத்தையும் சேர்த்தது. இன்னொரு பக்கம், ஆக்டோபஸைப் பண்ணையில் வளர்க்கும் திட்டம் ஸ்பெயினின் கனேரித் தீவுகளுக்கென்று போடப்பட்டது. அமெரிக்காவில் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2024-இல் அப்படிப்பட்ட பண்ணைகளைத் தடை செய்தன. கணவாய் வறுவலைச் சப்புக்கொட்டித் தின்கிறவன் என்ற முறையில் நான் இதில் உபதேசம் செய்ய லாயக்கில்லை. ஆனால் டப்பாவைத் தள்ளி விளையாடுகிற, சும்மா இருக்கத் தெரியாத, பக்கத்தில் வருபவரோடு சண்டை போடுகிற பிராணியை நெருக்கித் தொட்டியில் அடைப்பது மோசமான யோசனை என்று சொல்லத் தயக்கமில்லை.

சாவு எப்படி வருகிறது என்று பார்த்தால் அந்தப் பழைய கேள்வி மறுபடி வந்து நிற்கும். பெண் ஆக்டோபஸ் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை முட்டையிடும். சாதாரண ஆக்டோபஸ் என்றால் லட்சக்கணக்கில். பொந்தின் கூரையில் சரம் சரமாகத் தொங்கவிட்டு, தண்ணீர் வீசிக் கழுவி, கையால் தடவிச் சுத்தம் பார்த்துக்கொண்டே இருக்கும். சாப்பிடாது. குஞ்சு பொரியும் சமயம் செத்துப்போகும். ஆணும் இணைசேர்ந்த பிறகு அதிக நாள் இருப்பதில்லை. பட்டினியால் சாகிறது என்று சொல்வதற்கில்லை. 1977-இல் ஜெரோம் வோடின்ஸ்கி, முட்டை காக்கும் பெண்களின் கண்ணருகே உள்ள பார்வைச் சுரப்பி என்ற சின்ன உறுப்பை நீக்கிப் பார்த்தார். அவை முட்டையை விட்டுவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தன, எடை போட்டன, ரொம்ப நாள் வாழ்ந்தன. சாவு ஒரு சுரப்பியில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. முட்டையிட்டதும் அந்தச் சுரப்பி கொலஸ்ட்ரால் சார்ந்த ரசாயனங்களை அளவு மீறிச் சுரப்பதை இசட். யான் வாங் குழு 2022-இல் கண்டறிந்தது. அவற்றில் ஒன்று, மனிதரில் அதிகமானால் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் குணம் உள்ள ஒரு பரம்பரை நோயோடு தொடர்புடையது. கடைசி நாட்களில் தாய் ஆக்டோபஸ்களும் சுவரில் மோதிக்கொள்கின்றன, தன் கையைத் தானே கடித்துத் தின்கின்றன.

ஆக, சிப்பியை எப்படித் திறப்பது, எந்த விலாங்கு எந்தப் பாறையில் இருக்கிறது என்று அவள் படித்தது ஒன்றும் பிள்ளைகளுக்குப் போகாது. மூன்று மில்லிமீட்டர்கூட எட்டாத குஞ்சுகள் நீரோட்டத்தோடு போய்விடும். தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யானையும் காகமும் கிழவிகளிடம் கற்றுக்கொள்கின்றன. ஆக்டோபஸ் வீட்டில் கிழவி கிடையாது. அவ்வளவு மூளை எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் தோன்றும் பதில் இதுதான்: கற்றுத்தர யாரும் இல்லாததால்தான் ஒவ்வொன்றும் தானே வேகமாகக் கற்க வேண்டியிருக்கிறது. கிடைப்பதையெல்லாம் இழுத்துப் பார்க்கும் சார்லஸின் குணம் அதற்குப் பள்ளிக்கூடம்.

கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், புரூஸ் ராபிசனின் குழு 2007 ஏப்ரலில் ஆளில்லா நீர்மூழ்கி மூலம் ஒரு பெண் ஆக்டோபஸ் பாறையை நோக்கிப் போவதைப் பார்த்தது. அடுத்த மாதம் போனபோது அவள் முட்டைகளின் மேல் இருந்தாள். உடம்பில் இருந்த தழும்புகளை வைத்து அடையாளம் கண்டார்கள். அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் அதே இடத்தில், அதே நிலையில். தண்ணீர் 3 டிகிரி குளிர். நண்டுகள் பக்கத்தில் வந்தால் தள்ளிவிட்டாள், தின்னவில்லை. இயந்திரக் கையால் நண்டுத் துண்டை நீட்டிப் பார்த்தார்கள், தொடவில்லை. வருடங்கள் போகப் போக நிறம் வெளுத்தது, தோல் தொங்கியது, கண் மங்கியது. முட்டைகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் பெரிதாகிக்கொண்டே வந்தன. 53 மாதம். 2011 செப்டம்பரில் கடைசியாகப் பார்த்தார்கள். அக்டோபரில் நீர்மூழ்கி விளக்கைப் போட்டபோது அவள் இல்லை. 150-க்கு மேற்பட்ட காலிக் கூடுகள் கிழிந்து பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தன.